ஒருத்தருக்கு என்ன பெரிய சமையல்?

"ஒருத்தருக்காக அடுப்பு பற்ற வைக்கணுமா?" நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் காதில் விழும். சொல்பவர் ஆணாக இருந்தால் பெரும்பாலும் அதற்கு அர்த்தம், 'எனக்குச் சமைக்கத் தெரியாது' என்பது. பெண்ணாக இருந்தால், 'எனக்காகச் சமைக்க மனசு வரவில்லை' என்பது. வியாதி இரண்டு, மருந்து ஒன்று. தனக்காகச் சமைக்கக் கற்றுக்கொள்வதுதான் அந்த மருந்து.

முதலில் ஆண்கள் கதை. எங்கள் தெருவில் ஒரு நண்பர் இருந்தார். மனைவி தவறிய ஆறாவது மாதம் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு பெங்களூர் போய்விட்டார். அவருக்குக் கால் நன்றாக இருந்தது, கண் நன்றாக இருந்தது, மாதம் பிறந்தால் பென்ஷன் வந்தது. மகனும் மருமகளும் தங்கமானவர்கள்தான். ஆனாலும் அவர் ஆசைப்பட்டுப் போகவில்லை. ஒரு குழம்பு, ஒரு ரசம் வைக்கத் தெரிந்திருந்தால் இன்றைக்கும் தன் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சமையல் தெரியாதது ஒரு மனிதரை ஊரை விட்டே கிளப்பிவிடும் என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

நான் தப்பித்ததற்குக் காரணம் கெட்டிக்காரத்தனம் இல்லை, வங்கி வேலை. 1976-ல் முதல் போஸ்டிங் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். இருந்த ஒரே சாப்பாட்டுக் கடையும் இருட்டுவதற்குள் பலகை போட்டுவிடும். ஒரு திரி ஸ்டவ், இரண்டு பாத்திரம், அம்மா இன்லண்ட் லெட்டரில் எழுதி அனுப்பிய ரசம், சாம்பார், துவையல். அம்மாவின் கணக்கு எட்டுப் பேருக்கு. அரிசியை எட்டால் வகுக்கலாம். உப்பும் புளியும் தண்ணீரும் அப்படி வகுத்தலுக்குக் கட்டுப்படாது. கொஞ்சமாக வைக்கிற குழம்பு சீக்கிரம் சுண்டிவிடும். ஒருத்தருக்குச் சமைப்பது தனி வித்தை என்று அங்கே தெரிந்துகொண்டேன். நான்கு வருடங்களுக்கு முன் மனைவி காலமான பிறகு அந்த வித்தைதான் என்னை என் வீட்டிலேயே இருக்க வைத்திருக்கிறது.

"மெஸ் இருக்கிறதே, போனில் சொன்னால் வாசலுக்கே வருகிறதே" என்பீர்கள். வரட்டும், வாரம் ஒரு நாள் நானும் வாங்குகிறேன். ஆனால் 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது மெஸ்ஸையே நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டோமா? இன்னொன்று, உப்பு. நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஏறக்குறைய ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மில் பாதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு. வெளியில் வாங்குகிற சாம்பாரில் எவ்வளவு உப்பு என்று யாரைக் கேட்பது?

"ஆம்பளைக்கு எதற்கு அடுப்படி?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ருசியாக இருந்தால் 'நளபாகம்' என்கிறோம். நளன் ஆண். விராடன் அரண்மனையில் சமையல்காரனாக இருந்த பீமனும் ஆண். கோயில் மடப்பள்ளியிலும் கல்யாணச் சமையலிலும் கரண்டி பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். ஊருக்குச் சமைத்தால் கௌரவம், தனக்குச் சமைத்தால் கேவலமா?

இனி பெண்கள் கதை. என் அக்காவுக்கு 78 வயது. ஐம்பது வருடம் ஒரு பெரிய குடும்பத்துக்கு ஆக்கிப் போட்டவள். இப்போது தனியாக இருக்கிறாள். மத்தியானம் தயிர் சாதம், ஊறுகாய். ராத்திரி டீயில் நனைத்த இரண்டு பிஸ்கட். கேட்டால், "எனக்கு ஒருத்திக்கு என்னடா பெருசா?" என்பாள். பேரன் வந்தால் மட்டும் அவியல், பாயசம் எல்லாம் வந்துவிடும். கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் தினம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அறுபது கிலோ இருப்பவருக்கு அது சுமார் 50 கிராம். தயிர் சாதமும் பிஸ்கட்டும் அதன் பக்கத்தில்கூட வராது. அக்காவுக்கு யாரும் சமையல் சொல்லித்தர வேண்டியதில்லை. தானும் ஒரு ஆள், தனக்கும் ஒரு இலை போட வேண்டும் என்பதைத்தான் அவள் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

என் வழக்கத்தைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர் குக்கர் போதும், பெரியதைப் பரணில் ஏற்றிவிடுங்கள். ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி தாராளம். பருப்பை மூன்று நாளுக்குச் சேர்த்து வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். முதல் நாள் சாம்பார், மறுநாள் கூட்டு, மூன்றாம் நாள் பருப்பு ரசம். புளி, நாலு பேருக்கு எலுமிச்சம்பழ அளவு என்றால் ஒருத்தருக்குச் சின்ன நெல்லிக்காய் அளவு. காய் கால் கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை. மறதி வந்தவர்கள் டைமர் உள்ள இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துக்கொள்வது நல்லது, தானே அணைந்துவிடும்.

மனைவி பக்கத்தில் இருக்கும் பாக்கியசாலிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமே அடுப்படிக்குள் போங்கள். அவர் சிரிப்பார், சிரிக்கட்டும். சொல்லித்தர ஆள் இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் அக்கா தங்கைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். பேரன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கு உங்களுக்குப் பிடித்த ஒரு கறியைப் பண்ணி, தட்டில் பரிமாறிக்கொண்டு, உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள்.