ஓய்வுக்கும் அளவு உண்டு

நோய் என்றால் படுக்கை. படுக்கை என்றால் ஓய்வு. ஓய்வு என்றால் குணம். இம்மூன்றையும் ஒரே சரமாகக் கோத்து வைத்திருப்பது நம் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். காய்ச்சலுக்கு இது பொருந்தலாம். தளர்ந்த இதயத்துக்கும் இது பொருந்துமா? பொருந்தாது என்பதே என் துணிபு. மருத்துவ ஆராய்ச்சி இவ்வுண்மையை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டது. நம் வீடுகளும் நம் மருத்துவமனைகளுள் பலவும் இன்னும் அதன்படி நடக்கத் தொடங்கவில்லை.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று கேட்டவுடன் இதயம் நின்றுவிட்டது என்றே நம்மில் பலர் எண்ணி நடுங்குகிறோம். 'இதயச் செயலிழப்பு' என்னும் தமிழ்ப் பெயரும் அந்த நடுக்கத்தைத் தணிக்கவில்லை. உண்மையில் இதயம் நின்றுவிடவில்லை. உடலின் தேவைக்கு ஈடாக இரத்தத்தை இறைத்துத் தரும் வலு அதற்குக் குறைந்துவிட்டது, அவ்வளவே. ஆதலின் 'இதயத் தளர்ச்சி' என்றே இங்குக் குறிப்பிடுகிறேன். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கும், பல ஆண்டுகள் இரத்தக் கொதிப்பு உடையவர்களுக்கும், இளமையில் மூட்டுக் காய்ச்சலால் இதய வால்வு பழுதுபட்டவர்களுக்கும் இது வரக்கூடும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். கால்களில் நீர் கோக்கும். இரவில் தலையணையை உயர்த்தி வைத்தால்தான் உறக்கம் வரும்.

எங்கோ மேல்நாட்டு முதியோருக்கு வரும் நோய்தானே என்று எண்ணிவிட வேண்டாம். 2013-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் மாவட்ட மருத்துவமனைகளில் இந்நோயால் சேர்ந்த 1205 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுடைய சராசரி வயது 61. ஓராண்டுக்குள் பத்துப் பேரில் மூவர் இறந்துவிட்டனர். அறுபத்தொன்று என்பது நம்முள் பலருடைய தந்தையரின் வயதுக்கு மிக அருகில் உள்ள எண் அன்றோ?

களைத்த மாட்டை வண்டியில் பூட்டலாமா என்பது பழைய மருத்துவத்தின் கேள்வி. கேள்வி நியாயமாகவே தோன்றுகிறது. அதனால்தான் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையவிடாமல் படுக்க வைத்தார்கள். 1952-இல் அமெரிக்க மருத்துவர்களான சாமுவேல் லெவைனும் பெர்னார்டு லௌனும் அத்தகைய நோயாளிகளைப் படுக்கையிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வெறுமனே உட்கார வைத்ததே அன்று பெரும் துணிச்சலாகக் கருதப்பட்டது!

படுக்கை உடலுக்கு என்ன செய்கிறது என்பதை 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த சோதனை காட்டிற்று. நம் விடுதி நண்பர்களைப்போல இருபது வயதுடைய, நோய் நொடி அற்ற ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். கடும் உழைப்பின்போது உடல் எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்த முடியும் என்பதே உடல் வலுவின் சிறந்த அளவுகோல். அவ்வளவு, மூன்றே வாரத்தில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டு கழிந்த பின் அதே ஐவரை மீண்டும் சோதித்தார்கள். முப்பது ஆண்டு மூப்பு பறித்த வலுவைவிட, மூன்று வாரப் படுக்கை பறித்த வலுவே மிகுதி என்று தெரிந்தது. திடகாத்திரமான இளைஞர்களின் கதியே இதுவானால், தளர்ந்த இதயம் உடைய அறுபது வயதினரை மாதக்கணக்கில் சாய்வு நாற்காலியில் அடைத்து வைப்பதை என்னென்பது?

இங்கே ஒரு விந்தையைக் காண வேண்டும். இதயம் இறைக்கும் ஆற்றல் ஒரே அளவில் குறைந்த இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கடைத்தெருவுக்கு நடந்து சென்று காய்கறி வாங்கி வருகிறார். மற்றவர் குளியலறைக்குச் சென்று திரும்புவதற்குள் இளைத்துப் போகிறார். இதயம் ஒன்றே காரணமானால் இவ்வேறுபாடு ஏன்? தளர்ச்சி இதயத்தோடு நிற்பதில்லை என்பதே விடை. கால் தசைகள் மெலிகின்றன. பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறனை இழக்கின்றன. அவற்றோடு மூச்சை உள்ளிழுக்கும் தசைகளும் நலிகின்றன. அவற்றுள் தலையாயது மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே குடைபோல் விரிந்திருக்கும் உதரவிதானம். அது களைப்படைந்தால் நரம்பு மண்டலம் கால்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இருக்கும் இரத்தத்தை மூச்சுத் தசைகளுக்குத் திருப்பிவிடுகிறது. வரவு குறைந்த வீட்டில் ஒருவர் பங்கைக் குறைத்து மற்றவருக்கு அளிப்பதைப் போன்ற ஏற்பாடு இது. மூச்சு ஒருவாறு ஓடுகிறது, கால் நின்றுவிடுகிறது.

இதயத்தின் பழுதை முழுவதும் நீக்குவது கடினம். கால் தசையும் மூச்சுத் தசையும் பயிற்சிக்கு இணங்குபவை. 1988-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இதயத் தளர்ச்சியுற்ற 12 பேருக்குச் சில மாதங்கள் முறையான உடற்பயிற்சி அளித்தார்கள். அவர்களுடைய பிராணவாயு அளவு 23 விழுக்காடு உயர்ந்தது. 2006-இல் பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரி நகரிலிருந்து மற்றோர் ஆய்வு வெளிவந்தது. அதில் மூச்சுத் தசை நலிந்த 32 பேர் இரு பிரிவாயினர். வில் பொருத்திய அடைப்பு ஒன்றைத் தள்ளித் திறந்தால்தான் காற்று உள்ளே வரும்படி அமைந்த சிறு குழாயே கருவி. முழு வலுவோடு உள்ளிழுக்கும் விசையில் 30 விழுக்காட்டைச் சுமையாக வைத்து, நாள்தோறும் அரை மணி, பன்னிரண்டு வாரம், வீட்டிலிருந்தபடியே ஒரு பிரிவினர் மூச்சிழுத்தார்கள். மற்றப் பிரிவினர் சுமையில்லாத குழாயில் இழுத்தார்கள். சுமையோடு இழுத்தவர்களின் மூச்சு வலு இரு மடங்குக்கு மேலாயிற்று. ஆறு நிமிடத்தில் அவர்கள் நடக்கும் தொலைவும் கூடிற்று. நடைப் பயிற்சியையும் மூச்சுத் தசைப் பயிற்சியையும் இணைத்துச் செய்தால், ஒன்றை மட்டும் செய்வதினும் மூச்சுத் திணறல் குறைகிறது என்று பின்வந்த சிறு ஆய்வுகளும் கூறின.

மிகைப்படுத்திப் பேசுவது உண்மைக்குச் செய்யும் தீங்கு. ஆகவே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இவற்றுள் பல சிறிய ஆய்வுகள். 2009-இல் வெளிவந்த பேராய்வு 2331 பேரைக் கொண்டது. பயிற்சி செய்தோரிடையே மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை, குறைந்தது சிறிதளவே. ஆயினும் இரண்டு செய்திகள் அதில் உறுதியாயின. முறையான பயிற்சியால் நோயாளிகளுக்குத் தீங்கு நேரவில்லை. அவர்களுடைய அன்றாட வாழ்வு ஓரளவு மேம்பட்டது. எல்லோரும் பயிற்சியைச் சரிவரத் தொடரவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தானே நடந்து சென்று குளிப்பதும், பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும் ஆயுளைக் கூட்டாமற் போகலாம். ஆயினும் உயிரோடு இருப்பதற்கும் வாழ்வதற்கும் இடையே உள்ள தொலைவு அதுதானே!

"நம்மிடம் பிராணாயாமம் இருக்கிறதே, குழாய் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். யோகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. மாரடைப்பு வந்து தேறிய 3959 பேரிடம் இந்திய மருத்துவமனைகள் 24 இணைந்து நடத்திய ஆய்வு 2020-இல் வெளிவந்தது. யோக வழியில் பயின்றவர்கள் தங்கள் உடல்நிலை மேம்பட்டதாகக் கூறினர். பழைய அலுவல்களுக்கும் கூடுதலாகத் திரும்பினர். எனினும் மூச்சைச் சீராக விடுவது வேறு. சுமையை எதிர்த்து இழுத்துத் தசையை வலுவாக்குவது வேறு. அறுவைக்குப் பின் கொடுக்கும் மூன்று பந்துக் கருவியும் இதற்கு ஈடாகாது. ஒன்றிருக்க மற்றொன்றைத் தள்ள வேண்டியதில்லை. ஒன்றை மற்றொன்று என்று மயங்கவும் வேண்டியதில்லை.

குறை எங்கே இருக்கிறது? மருந்துச் சீட்டைப் பாருங்கள். மாத்திரைக்கு அளவு உண்டு. காலை இத்தனை, இரவு இத்தனை என்று எழுதியிருக்கும். கடைசி வரியில் 'ரெஸ்ட்' என்று ஒரே சொல். எத்தனை நாள் ஓய்வு? எத்தனை மணி? எப்போது எழுந்து நடப்பது? அளவில்லாத மருந்து நஞ்சாகும் என்றால், அளவில்லாத ஓய்வும் நஞ்சாகாதா? நடையும் மூச்சுப் பயிற்சியும் மாத்திரையைப் போலவே அளவோடு சீட்டில் எழுதப்பட வேண்டும். இதுவே நம் முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கை பணத்தைப் பற்றியது. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு, இதயம் வெகுவாகத் தளர்ந்து நிலைமை சீரானவர்களுக்குப் பயிற்சிச் செலவை 2014 முதல் ஏற்று வருகிறது. நம் நாட்டில் அரசின் காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. நோயாளி மூச்சு முட்டி வந்து சேர்ந்தால் உதவி உண்டு. அவ்வாறு வந்து சேராதபடி பயிற்றுவிக்க உதவி அரிது. இதற்கு மாளிகை வேண்டியதில்லை. முப்பது மீட்டர் நீளமுள்ள ஒரு தாழ்வாரம், ஒரு கடிகாரம், சில நாற்காலிகள், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவர். தொடங்குவதற்கு இவை போதும். ஆறு நிமிட நடைச் சோதனைக்கு இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுசென்றது. அத்தகைய திட்டங்களில் இப்பயிற்சிக்கும் இடம் தரலாமே!

மூன்றாவது கோரிக்கை, நண்பர்களே, நம்மிடமே. ஊரைவிட்டுப் பல நூறு மைல் தள்ளி வந்து படிக்கிறோம். தொலைபேசியில் அம்மாவிடம் நாம் சொல்லும் அறிவுரை என்ன? "அப்பாவை ஒரு வேலையும் செய்யவிடாதீர்கள், படுத்தே இருக்கட்டும்." அருகில் இருந்து கவனிக்க முடியாத குறையை இப்படித் தீர்த்துக்கொள்கிறோம். அன்பினால் சொல்வதுதான், ஆனால் அந்த அன்பு அவர் கால்களைக் கட்டிப்போடுகிறது. இனி வேறு கேள்வி கேட்போம்: "அப்பா இன்று எத்தனை நிமிடம் நடந்தார்? டாக்டரிடம் பயிற்சி பற்றிக் கேட்டீர்களா?"

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். இக்கட்டுரையைப் படித்துவிட்டு நாளையே தந்தையை ஓட வைத்துவிடாதீர்கள். மருத்துவர் பார்த்து, நிலைமை சீரானது என்று ஒப்பிய பின்னரே பயிற்சி. நடக்கும்போது பேச முடிய வேண்டும்; பேச்சு தடைப்பட்டால் வேகம் மிகுதி என்று பொருள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், மூன்று நாளில் உடல் எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினாலும், மார்பு வலியோ மயக்கமோ காய்ச்சலோ கண்டாலும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். மாத்திரைகளை ஒருநாளும் விடலாகாது. பயிற்சி அவற்றுக்குத் துணையே தவிர மாற்று அன்று.

விடுமுறை வருகிறது. ஊருக்குச் செல்லும் நாம் பெற்றோருக்கு என்ன வாங்கிச் செல்வது என்று கடை கடையாய் ஏறி இறங்குகிறோம். மாலையில் அரை மணி நேரம் அவர்களோடு சேர்ந்து, அவர்கள் நடையின் வேகத்திலேயே நாமும் நடப்போம். அதனினும் சிறந்த பரிசை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.