அடிபட்ட குழந்தைக்கு மறுவாழ்வு மருத்துவம் நெய்வேலியிலேயே வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

மூளையிலோ தண்டுவடத்திலோ அடிபட்ட குழந்தைக்கு, உயிர் பிழைத்ததோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. மறுவாழ்வு மருத்துவரின் தொடர் கவனிப்பு அக்குழந்தையின் உரிமை. அது நெய்வேலியிலேயே கிடைக்க வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. அதை மனமார வரவேற்கிறோம். பின்வரும் மாதங்களுக்கும் அதே அக்கறை வேண்டும்.

தண்டுவடம் பாதித்த பிள்ளையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். சிறுநீர் தேங்கினால் சிறுநீரகம் கெடும்; சிறுநீரை வெளியேற்றும் குழாயான கத்தீட்டர் போடத் தாய்க்குக் கற்றுத்தர வேண்டும். பிள்ளை வளர வளர முதுகு கோணலாம். சக்கர நாற்காலி சிறிதாகிவிடும். தலையில் அடிபட்ட பிள்ளை ஓடியாடித் திரியும். ஆனால் வகுப்பில் ஐந்து நிமிடம் கவனம் நிற்காது, சட்டென்று கோபம் வரும், ‘சோம்பேறி’ என்று பெயர் வாங்கும். இவை அனைத்தையும் ஒருசேரப் பார்த்து, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, உளவியல் ஆலோசனை ஆகியவற்றை ஒருங்கிணைப்பவர் மறுவாழ்வு மருத்துவர்.

இந்த மருத்துவம் நமக்குப் புதிதல்ல. 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணமானார். அந்த மருத்துவம் நம் மாநிலத்தில் வேரூன்றி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஆனால் கூலியை விட்டுவிட்டு வாராவாரம் வேலூருக்கும் சென்னைக்கும் அலையும் குடும்பம், ஒரு கட்டத்தில் சிகிச்சையையே நிறுத்திவிடும்.

எனவே நாங்கள் வலியுறுத்துவன:

1. நெய்வேலியின் நிலக்கரிச் சுரங்க நிறுவனமான என்.எல்.சி.யின் பொது மருத்துவமனையில் குழந்தைகளுக்கான மறுவாழ்வு நிபுணரும் தெரபிஸ்ட் குழுவும் நிரந்தரமாக இருக்க வேண்டும்.

2. நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர் என யார் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே சிகிச்சை கிடைக்க வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013 விதிக்கும் 2 சதவீத சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து இதற்கு ஒதுக்க வேண்டும்.

3. வீடு தேடிச் சென்று சிகிச்சை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பிசியோதெரபிஸ்ட்டுகளுக்குக் குழந்தைகளைக் கையாளும் சிறப்புப் பயிற்சி தேவை.

4. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன்படி, பள்ளிக்குத் திரும்பிவரும் பிள்ளைக்குச் சாய்தளம், ஏற்ற கழிப்பறை, தேர்வில் கூடுதல் நேரம் ஆகியவற்றைப் பள்ளிகள் தர வேண்டும்.

நாட்டுக்கு மின்சாரம் தரும் இந்த ஊருக்கு இதைச் செய்யும் வலிமை உண்டு. என்.எல்.சி. நிர்வாகமும் மாவட்ட நலவாழ்வுத் துறையும் பெற்றோரை அழைத்துப் பேசி, காலவரையுடன் திட்டத்தை அறிவிக்க வேண்டும்.