தோற்றவன் வீடு என்றால் விழட்டும் என்றா விடுவது?

திருவிடைமருதூர் அரண்மனையின் சுவரில் அரசங்கன்று முளைத்து, வேர் காரைக்குள் இறங்கிவிட்டது. ஐப்பசி மழை ஒவ்வொன்றும் அந்த வேருக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. வேர் பருக்கப் பருக்க, சுட்ட செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து இருநூறு ஆண்டு தாங்கிய சுவர் பிளக்கிறது. இதைத் தடுக்க ஓர் அரிவாளும் ஒரு கொத்தனாரும் உரிய காலத்தில் வந்திருந்தால் போதும். வரவில்லை. இந்த அலட்சியத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

யாருடைய வீடு இது? தஞ்சை மராட்டிய மன்னர் அமரசிம்மனுடையது. 1787-இல் மன்னர் துளஜா மறைந்தபின் ஆட்சிக்கு வந்தவர். துளஜாவின் சுவீகாரப் பிள்ளைக்கே பட்டம் உரியது என்று 1798-இல் முடிவு செய்த கிழக்கிந்தியக் கம்பெனி, இவரை இறக்கிவிட்டு அந்தப் பிள்ளையான இரண்டாம் சரபோஜியை அரியணையில் அமர்த்தியது. ஆண்டுக்கு 25,000 வராகன் ஓய்வூதியத்தோடு அமரசிம்மன் மத்தியார்ச்சுனம் எனப்படும் இந்தத் திருவிடைமருதூருக்குக் குடிவந்தார். மறு ஆண்டே, 1799-இல், சரபோஜியிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு ராஜ்யத்தையே கம்பெனி எடுத்துக்கொண்டது என்பதையும் மறக்க வேண்டாம். 1802-இல் அமரசிம்மன் காலமானார். மகன் பிரதாபசிம்மன் இங்கேயே வாழ்ந்தார்.

நாடு போனது, பாட்டு போகவில்லை. கனம் கிருஷ்ணையர் இந்தச் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தவர். நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் இந்துஸ்தானி இசையைக் கற்றது, இங்கே ஆதரிக்கப்பட்ட ராமதாஸ் என்ற வித்வானிடம். இரண்டு செய்திகளையும் உ.வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். அவர் எழுதாமல் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். சங்கீத சீசனில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டுக்குக் கைதட்டும் ஊரில், அவருக்கு இந்துஸ்தானி ராகம் காதில் விழுந்த இடத்தைப் பற்றிக் கவலைப்பட ஆளில்லை.

மகாலிங்கசுவாமி கோயிலுக்குள் போகிறவர்கள் ஒரு பாவை விளக்கைப் பார்த்திருப்பார்கள். கையில் அகல் ஏந்தி நிற்கும் பித்தளைப் பெண். மாமன் மகனான பிரதாபசிம்மனையே மணக்க வேண்டும் என்று லட்ச தீபம் நேர்ந்துகொண்ட அம்முனு அம்மணி, நேர்ந்தபடி நடந்ததும் தன் உருவத்தையே விளக்காகச் செய்து வைத்தாள். பீடத்தில் 1853-ஆம் ஆண்டு எழுத்து இருக்கிறது. கோயிலுக்குள் இருப்பதால் அவள் தப்பித்தாள். அவள் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தஞ்சையில் சரபோஜிக்குச் சிலை இருக்கிறது, சரசுவதி மகால் இருக்கிறது, அரண்மனைக்கு நுழைவுச்சீட்டு இருக்கிறது. இருக்கட்டும், சரபோஜி அதற்குத் தகுந்தவர்தான். ஆனால் கம்பெனி யாரை ஜெயிக்க வைத்ததோ அவர் வீட்டுக்கு மட்டும் வெள்ளையடிப்போம் என்பது என்ன கணக்கு?

இது நம்மோடு நிற்கும் நோயல்ல. இலங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் வாழ்ந்த வீட்டையும் பெந்தோட்டைக்கு அருகே உள்ள லுணுகங்கைத் தோட்டத்தையும் அறக்கட்டளை பராமரிக்கிறது. உலகமே வந்து பார்க்கிறது. பாவா கட்டடக் கலைஞராகும் முன்பே கண்டியில் நவீனக் கட்டடக் கலையைத் தொடங்கியவர் மினெட் டி சில்வா. பம்பாயில் படித்து, பெங்களூரில் வேலை பார்த்து, 1948-இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். அப்பா ஜார்ஜ் டி சில்வா அமைச்சராக இருந்தவர். அம்மா ஆக்னஸ் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர். அந்தக் குடும்பத்தின் செயின்ட் ஜார்ஜஸ் வீட்டில்தான் மினெட் தொழில் நடத்தினார். 1998-இல் அவர் இறந்தார். கூரை ஒழுகிய அந்த வீடு பாழானது. இன்று அவரைப் பற்றி ஆய்வேடுகள் வருகின்றன, கண்காட்சிகள் நடக்கின்றன. வீட்டைக் காட்டு என்றால் பழைய புகைப்படத்தைத்தான் காட்ட வேண்டும்.

திருவிடைமருதூருக்கும் அந்தக் கதி வரவேண்டுமா? சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பழைய சின்னங்களைக் காக்கத் தமிழ்நாட்டுச் சட்டம் 1966-லிருந்து இருக்கிறது. மரபு ஆணையத்துக்கான சட்டம் 2012-இல் பேரவையில் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. இந்த அரண்மனை பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் பாதுகாப்பு எங்கே? இல்லை என்றால், ஏன் இல்லை? இரண்டில் எதற்காவது தொல்லியல் துறை எழுத்தில் பதில் சொல்லட்டும். கட்டடம் யார் பெயரில் இருந்தாலும் பட்டா விவகாரத்தைக் காரணம் காட்டித் தட்டிக்கழிப்பதை ஏற்க மாட்டோம். உரிமையாளரை உட்காரவைத்துப் பேசி முடிக்கத்தான் மாவட்ட நிர்வாகம் இருக்கிறது.

அடைமழைக்கு முன் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. கன்றுகளை வேரோடு எடுத்து, திரும்பத் துளிர்க்காமல் மருந்து வைக்க வேண்டும். சாய்ந்த சுவர்களுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும், திறந்து கிடக்கும் இடங்களுக்குத் தகரமாவது போட வேண்டும். அளவெடுத்து வரைபடம் போட்டு வைப்பதும் இப்போதே நடக்க வேண்டும். நாளை ஒரு மூலை விழுந்தால், விழுந்தது என்ன என்றாவது தெரியும்.

இதோடு ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். நிதி வந்தது என்று சிமென்ட் மூட்டையோடு ஒப்பந்தக்காரரை அனுப்பிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, கல் பொடிப்பொடியாக உதிரும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பை அரைத்துப் பூசத் தெரிந்த மேஸ்திரிகள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். பளபளவென்று பெயின்ட் அடித்து, செல்ஃபி எடுக்க வளைவு வைப்பதற்காக நாம் இதைக் கேட்கவில்லை.

தைப்பூசத்துக்கு வடம் பிடிக்க அதிகாரிகள் இந்த ஊருக்கு வரத்தான் போகிறார்கள். தேர் நிலைக்கு வந்தபின், மாலையைக் கழற்றிவிட்டு அப்படியே அரண்மனை வாசல் வரை நடந்து வரட்டும். கையெழுத்தான ஆணையையும் கையோடு கொண்டுவரட்டும்.