மறைக்க வேண்டிய விஷயமா இது?

நம் காஞ்சிபுரம் திருவெஃகாவில் யதோக்தகாரி பெருமாளைச் சேவித்தவர்களுக்குத் தெரியும். திருமழிசையாழ்வார் சொன்னபடி பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனவர், திரும்பி வந்தபோது திசை மாற்றிப் படுத்துக்கொண்டாராம். அந்தக் கோலத்தை நாம் பெருமையாகச் சொல்கிறோம். மனிதருக்குள் உறுப்பு இடம் மாறியிருந்தால் மட்டும் ஏன் மறைக்கிறோம்?

என் நண்பர் ஒருவர், பட்டுத்தறியில் காலம் கழித்தவர். பல வருஷங்களுக்கு முன் எக்ஸ்ரே எடுத்தபோது, இதயம் வலப்பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்ததால் வெளியே மூச்சு விடவில்லை. போன வருஷம் இடப்பக்க மேல்வயிற்றில் வலி. வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தார். கண் மஞ்சளானதும் கீழாநெல்லி. குளிர்க்காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்ட ராத்திரிதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கேயும் பழைய எக்ஸ்ரே கதையை யாரும் சொல்லவில்லை. ஸ்கேன் எடுத்த பிறகே, ஈரலும் பித்தப்பையும் இடப்பக்கம் இருப்பதும், பித்தக்குழாயைக் கல் அடைத்திருப்பதும் தெரிந்தது.

சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இப்படி எல்லா உறுப்பும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் மாறியிருக்கும். பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. கல் வந்தால்தான் சிக்கல். வலப்பக்கம் வர வேண்டிய வலி இடப்பக்கம் வந்து, பார்ப்பவரைக் குழப்பிவிடும்.

வயிற்றைக் கிழிக்காமல், வாய் வழியாகக் குழாய் விட்டு, பித்தக்குழாயின் வாயைச் சிறிது வெட்டிக் கல்லை எடுக்கும் முறை 1974-இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தொடங்கியது. ஈ.ஆர்.சி.பி. என்பார்கள். வழக்கமாக மருத்துவர் நோயாளியின் வலப்பக்கம் நின்று செய்வார். உறுப்பு மாறியவருக்கு நோயாளியை மறுபக்கமாகப் படுக்க வைப்பார்கள், அல்லது குழாயை எதிர்த்திசையில் திருப்புவார்கள். கை பழகிய வழி எல்லாம் தலைகீழ். ஆனாலும் அனுபவமுள்ளவர்கள் செய்துவிடுகிறார்கள். என் நண்பருக்கும் சென்னையில் அப்படித்தான் கல்லை எடுத்தார்கள்.

என் கருத்து இதுதான். இது குறையும் இல்லை, சாபமும் இல்லை. ஆனால் மருத்துவருக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி. ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள், நமக்குப் பேச்சில்லாத நேரத்தில் அவர்கள்தான் சொல்ல வேண்டும். கண் மஞ்சளாகி, குளிரும் காய்ச்சலும் வலியும் சேர்ந்தால் கீழாநெல்லியை நம்பி நாள் கடத்தாதீர்கள். அடைத்த கல்லைக் கஷாயம் கரைக்காது. சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து.

இதை எழுதட்டுமா என்று நண்பரிடம் கேட்டேன். "எழுதுங்க சார். தறி எந்தப் பக்கம் கட்டியிருக்குன்னு சொல்லாம உக்கார வெச்சா, எப்பேர்ப்பட்ட நெசவுக்காரனுக்கும் நாடா தவறும். டாக்டரை மட்டும் குத்தம் சொல்ல முடியுமா?" என்றார்.

இப்போது அவர் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருக்கிறது. எழுதிக் கொடுத்தது அந்த மகள்தான்.