கைவேலைப் பக்கம்: பாவாடைக்கு முன் ஒரு சிறு சதுரம்



கைக்குட்டைக்கு ஓரம் பின்னவும், மேசைவிரிப்புக்குப் பூ வைக்கவும் கற்றுக்கொண்ட பெண்மணிகள் அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உடுத்தக்கூடிய ஆடை ஒன்றைக் குரோஷாவில் பின்ன என்னால் இயலுமா?" என்பதே அது. இயலும். சட்டைக்குக் கழுத்து, கை, தோள் என்று வளைவுகள் உண்டு. பாவாடைக்கோ அவை ஒன்றும் இல்லை. சுற்றிச் சுற்றிச் செல்லும் ஒரு குழல்தான் அது. கீழே போகப் போகச் சற்றே விரிந்தால் போதும். ஆதலின், முதன்முறை ஆடை பின்னுவோர் சிறுமியின் பாவாடையில் தொடங்குவதே நலம்.

பின்னும் முறையைச் சொல்லுமுன், நான் பின்னிய முதற் பாவாடையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்குப் பெருமை இல்லை. உங்களுக்குப் பயன் உண்டு.

அப்பொழுது எனக்கு வயது பதினான்கு. என் தங்கைக்கு ஆறு. சனிக்கிழமைதோறும் கன்னியர் மடத்துத் தையல் வகுப்பிற்குச் சென்று, சங்கிலியும் டிரெபிளும் கற்றிருந்தேன். ஊர்த் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று தங்கை என் கையால் பின்னிய பாவாடையைத்தான் உடுத்த வேண்டும் என்று நானே முடிவு செய்துவிட்டேன். அவளைக் கேட்கவில்லை, அளவும் எடுக்கவில்லை. அவளுடைய பழைய பாவாடை ஒன்றைப் பாயில் விரித்து, கண்ணளவாகச் சங்கிலி போட்டேன். இழுத்து இழுத்து இறுக்கமாகப் போடுவதே ஒழுங்கான வேலை என்பது அன்று என் எண்ணம்.

பதினைந்து நாள் பள்ளி விட்டு வந்ததும் ஊசியும் கையுமாக இருந்து, வெண்ணிற நூலில் பின்னி முடித்தேன். திருவிழாக் காலையில் அதனை அவளுக்கு மாட்டி, இடுப்புவரை இழுத்துவிட்டேன். சற்றுச் சிரமப்பட்டே சேர்ந்தது. திருப்பலியிலும் மாலைத் தேர்ப்பவனியிலும் கண்டவரெல்லாம், "யார் பின்னியது?" என்று கேட்டனர். எனக்கு உச்சி குளிர்ந்தது. இரவு அம்மா அவளுக்கு உடை மாற்றியபொழுதுதான் கண்டோம்: இடுப்பைச் சுற்றிலும் சங்கிலியின் தடம், கண்ணி கண்ணியாகச் சிவந்து பதிந்திருந்தது.

"ஏன் கண்ணு, நீ சொல்லவேயில்லை?" என்று அம்மா கேட்டார்கள்.

"அக்கா வருத்தப்படுவாளே" என்றாள் குழந்தை.

அடுத்த சனிக்கிழமை பாவாடையை மடத்திற்கு எடுத்துச் சென்று, இடுப்பை மட்டும் எப்படியாவது தளர்த்தித் தருமாறு கேட்டேன். அருட்சகோதரி அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடிந்துகொள்ளவில்லை. அடி ஓரத்தில் நான் முடிந்திருந்த நூல்முனையைத் தேடி அவிழ்த்து, என் கையில் கொடுத்து, "பிரி மகளே" என்றார்கள். இடுப்பில் தொடங்கி அடிவரை பின்னிய பாவாடை அல்லவா? அடியிலிருந்து முழுவதும் பிரித்தாலன்றி அந்தச் சங்கிலியை அடைய முடியாது. கண்ணீரோடு பிரித்தேன். பதினைந்து நாள் உழைப்பு அரைமணி நேரத்தில் பந்தாகச் சுருண்டது.

அன்று நான் அறிந்த உண்மை இது. துணியைத் தவறாக வெட்டினால் துணி போயிற்று. குரோஷாவில் அப்படி அன்று. ஊசியில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு நிற்கிறது. அதனை விடுவித்து இழுத்தால் வேலை முழுதும் நூலாகத் திரும்பிவிடும். நெளிந்த நூலைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, நிழலில் தொங்கவிட்டால் நேராகும். நூலுக்கு நட்டமில்லை, நட்டமெல்லாம் நம் அகந்தைக்கே. அதனையும் தவிர்க்க ஒரு வழி உண்டு. அதுவே அருட்சகோதரி எனக்குப் பிறகு கற்பித்த சிறு சதுரம்.

தேவையானவை

நான்கு இழைப் பருத்தி நூல் 150 கிராம், 3 மி.மீ. குரோஷா ஊசி ஒன்று, 4 மி.மீ. ஊசி ஒன்று, அளவு நாடா, மழுங்கிய முனையுள்ள தையல் ஊசி, அடையாளத்திற்கு வேறு நிறத் துண்டு நூல்கள். நம் வெப்பத்திற்குக் கம்பளி நூல் வேண்டா, பருத்தியே ஏற்றது. நூற்கண்டுகளை ஒரே முறையில் வாங்கி, அவற்றின் சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எண் மாறினால், ஒரே நிறம்போலத் தோன்றினாலும் பின்னியபின் பட்டையாகத் தெரியும்.

அறிய வேண்டிய பின்னல்கள்

சங்கிலி உங்களுக்குத் தெரியும். டிரெபிளுக்கு, ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, கீழ்க்கண்ணியில் நுழைத்து, நூலை இழுத்து வாருங்கள். ஊசியில் மூன்று கண்ணிகள் நிற்கும். மீண்டும் நூலைச் சுற்றி இரண்டின் வழியே இழுங்கள். மறுபடியும் சுற்றி, எஞ்சிய இரண்டின் வழியே இழுங்கள். ஒரு டிரெபிள் முடிந்தது. வெளிநாட்டு நூல்களைப் பார்த்துப் பின்னுவோர் ஒன்றைக் கவனிக்க. நாம் பிரித்தானிய வழக்கப்படி டிரெபிள் என்று சொல்வதையே அமெரிக்க நூல்கள் டபிள் குரோஷா என்கின்றன. இதனை அறியாமல் பின்னினால் அளவு முழுவதும் மாறிப்போகும்.

முதலில் சதுரம்

32 சங்கிலி போடுக. ஊசியிலிருந்து நான்காம் சங்கிலியில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு டிரெபிள் பின்னுக. விட்ட மூன்று சங்கிலியை ஒரு டிரெபிளாகக் கணக்கிட, வரிசையில் 30 ஆகும். திருப்பி, 3 சங்கிலி போட்டு, அடுத்த வரிசை. இவ்வாறு 15 வரிசைகள். பின்னர் இதனைத் துவைத்து, உலர்த்தி, நடுப்பகுதியில் 10 செ.மீ. அகலத்தில் எத்தனை டிரெபிள், 10 செ.மீ. உயரத்தில் எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். ஓரத்தில் அளக்காதீர்கள், ஓரம் பொய் சொல்லும். துவைக்குமுன் அளப்பதும் தவறு. நனைந்தபின் பருத்திப் பின்னல் தன் உண்மை அளவைக் காட்டும்.

என் கையில் 10 செ.மீ.க்கு 20 டிரெபிளும் 10 வரிசையும் வருகின்றன. உங்கள் கை இறுக்கமானால் 22 வரலாம். தளர்வானால் 18 வரலாம். அதில் குற்றமொன்றும் இல்லை. ஒவ்வொருவர் கையெழுத்தும் வேறுபடுவதுபோல் கைப்பின்னலும் வேறுபடும். அதனை அறியாமல் தொடங்குவதுதான் குற்றம்.

கணக்கு

குழந்தையை நிறுத்தி, நாடாவை இறுக்காமல் அளவெடுங்கள். இடுப்பை மட்டும் அளந்தால் போதாது. பாவாடை ஏறியிறங்க வேண்டியது பிட்டத்தின் வழியே அன்றோ? அதன் அகன்ற இடத்து அளவே நமக்கு வேண்டும். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் அளவு 60 செ.மீ. என்று கொள்வோம். தளர்ச்சிக்கு 4 செ.மீ. கூட்ட, 64. செ.மீ.க்கு 2 டிரெபிள் வீதம் 128. நீளம் 30 செ.மீ.

உங்கள் சதுரத்தில் 22 வந்தால், 64 செ.மீ.க்கு ஏறத்தாழ 141 ஆகும். அதனை எட்டால் வகுபடும் அருகிலுள்ள எண்ணாகிய 144 ஆக்கிக்கொள்ளுங்கள். எட்டு ஏனென்றால், பாவாடையை எட்டுப் பாகமாகப் பிரித்தே விரிக்கப்போகிறோம்.

பின்னும் முறை

4 மி.மீ. ஊசியால் 130 சங்கிலி போடுக. சங்கிலிக்கு மட்டும் பெரிய ஊசி. இடுப்பை இறுக்காதிருக்க இதுவே எளிய வழி. இனி 3 மி.மீ. ஊசிக்கு மாறி, நான்காம் சங்கிலியிலிருந்து டிரெபிள் பின்னினால் 128 ஆகும். பிறகு இரு முனைகளையும் முறுக்கேறாமல் பார்த்து, முதல் மூன்று சங்கிலியின் உச்சியில் ஊசியை நுழைத்து நூலை இழுத்து வளையமாக்குக. சங்கிலியாக இருக்கும்பொழுதே வளையமாக்கினால், புதியவர்க்கு அது தெரியாமல் முறுக்கிக்கொள்ளும். ஒரு வரிசை பின்னியபின் இணைத்தால் அந்தத் தொல்லை இல்லை. அடியில் நிற்கும் சிறு இடைவெளியை நூல்முனையால் தைத்துவிடலாம்.

ஒவ்வொரு சுற்றையும் 3 சங்கிலியோடு தொடங்கி, அதனை ஒரு டிரெபிளாக எண்ணி, முடிவில் அதன் உச்சியிலேயே இணைத்து வாருங்கள். இணைப்பு பின்புறம் வரட்டும். முதல் நான்கு சுற்றுக்கு மாற்றமில்லை. ஐந்தாம் சுற்றில் ஒவ்வொரு 16ஆம் கண்ணியிலும் இரண்டு டிரெபிள் பின்னுக. எட்டு கூடி 136 ஆகும். பின் மூன்று சுற்று மாற்றமின்றி. ஒன்பதாம் சுற்றில் ஒவ்வொரு 17ஆம் கண்ணியிலும் கூட்டுக. இவ்வாறே 13ஆம் சுற்றில் 18ஆம் கண்ணியிலும், 17ஆம் சுற்றில் 19ஆம் கண்ணியிலும், 21ஆம் சுற்றில் 20ஆம் கண்ணியிலும், 25ஆம் சுற்றில் 21ஆம் கண்ணியிலும் கூட்ட, மொத்தம் 176 ஆகும். கூட்டிய இடத்தில் நிறநூலைக் கோத்துவைத்தால் எண்ணிக்கை தவறாது. அடிச்சுற்று 88 செ.மீ. விரிந்து நிற்கும்.

26 முதல் 29 வரை மாற்றமின்றிப் பின்னுக. இறுதிச் சுற்று அழகுக்கு: ஒரு கண்ணியை விட்டு, அடுத்ததில் மூன்று டிரெபிள், மீண்டும் ஒன்றை விட்டு, அடுத்ததில் நூலைச் சுற்றாமல் ஒரு குட்டைப் பின்னல். இவ்வாறு சுற்றிவர 44 சிறு சிப்பிகள் அமையும்.

இடுப்புக்கு, இரட்டை நூலில் 110 செ.மீ. நீளத்திற்குச் சங்கிலி போட்டு நாடாவாக்குங்கள். இரண்டாம் சுற்றில் நான்கு டிரெபிளுக்கு மேலாகவும் நான்கிற்குக் கீழாகவும் அதனைக் கோத்து, முன்புறம் முடிச்சிடுங்கள். டிரெபிள்களுக்கிடையே இடைவெளி இருக்குமாதலால், உள்ளே மெல்லிய பருத்தி உள்பாவாடை அவசியம். துவைத்தபின் கொடியில் தொங்கவிடாதீர்கள்; ஈரக் கனத்தால் நீண்டுவிடும். பாயில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள்.

மேலிருந்து கீழாகப் பின்னுவதில் மற்றொரு நன்மையும் உண்டு. அடுத்த ஆண்டு குழந்தை வளர்ந்துவிட்டால், சிப்பி ஓரத்தை மட்டும் பிரித்து, மேலும் சில சுற்றுகள் பின்னி நீட்டிக்கொள்ளலாம். அதற்கென ஒரு நூற்கண்டை எடுத்துவையுங்கள்.

அளவின் அருமை அறிந்து பிழைத்தவர்கள் பலர். 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுப் பெரும் பஞ்சம் வந்தபொழுது, கன்னியர் மடங்களும் இரக்கமுள்ள பெண்மணிகளும் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கற்பித்தனர். ஒருத்தி ரோஜா பின்னுவாள், மற்றொருத்தி இலை பின்னுவாள், வேறொருத்தி அவற்றை வலைப்பின்னலால் இணைப்பாள். ஒருவர் வேலை மற்றவர் வேலையோடு பொருந்தினால்தான் அது விலைபோகும். நம் நாட்டிலும் ஆந்திரத்தின் நரசாபுரம் வட்டாரத்துப் பெண்கள் இன்றும் குரோஷா லேஸ் பின்னி விற்கின்றனர். நாம் விற்பனைக்குப் பின்னாவிட்டாலும், நம் பின்னல் ஓர் உடலோடு பொருந்தியாக வேண்டும்.

என் தங்கைக்கு நான் அதே நூலில் மறுபடியும் பின்னினேன். இம்முறை அவளை நிறுத்தி அளவெடுத்தேன். கூச்சத்தால் நெளிந்து சிரித்தாள். சதுரம் பின்னினேன், கணக்குப் போட்டேன். திருவிழா முடிந்து பல நாள் ஆகிவிட்டமையால், யாரும் "யார் பின்னியது?" என்று கேட்கவில்லை. ஆனால் அந்தப் பாவாடையை அவள் இரண்டு ஆண்டுகள் விரும்பி உடுத்தினாள். அந்தச் சதுரம் இன்றும் என் தையற்பெட்டியில் இருக்கிறது.

ஆகவே, சகோதரிகளே, பின்னி முடித்ததும் கண்ணாடி முன் குழந்தையை நிறுத்தி அழகு பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். தரையில் சம்மணமிட்டு உட்காரச் சொல்லுங்கள். முற்றத்தில் ஓடச் சொல்லுங்கள். பின்னர் அருகில் அழைத்து, "எங்கேயாவது உறுத்துகிறதா கண்ணு?" என்று கேளுங்கள். நீங்கள் வருந்துவீர்கள் என்று அஞ்சாமல் அவள் சொல்லட்டும். உறுத்துகிறது என்றால், நூல்முனையைத் தேடுங்கள்.