ஸ்டார்ட் ஆயிட்டா சரியாயிடுச்சுன்னு அர்த்தமா?

முதல்லயே சொல்லிடறேன், நான் மெக்கானிக் இல்ல. படிச்சது எஞ்சினியரிங், பொழப்பு சென்னையில பொட்டி தட்டுறது. ஆனா ஊரு ஒரத்தநாடு பக்கம். அப்பா விவசாயம், வீட்ல ஒரு பழைய டிராக்டர். அந்த டிராக்டர் ஒரு வருஷமா எங்களைப் படுத்தின பாட்டுல எனக்கு ஒரு கருத்து பொறந்திருக்கு. அதைத்தான் இங்க கொட்டப் போறேன். பொறுத்துக்குங்க.

வியாதி இதுதான். சாவியைத் திருப்பினா சில நேரம் 'டக்'னு ஒரே ஒரு சத்தம், அவ்ளோதான். கால் மணி நேரம் கழிச்சுத் திருப்பினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் வந்து நின்னா கேக்கவே வேணாம், இன்ஸ்பெக்ஷன் நாள்ல பள்ளிக்கூடப் புள்ளைங்க மாதிரி அவ்ளோ சமத்து.

முதல்ல பேட்டரி போச்சுன்னாங்க. புதுசு வாங்கினோம். மூணு வாரம் நல்லா ஓடுச்சு, திரும்ப 'டக்'. செல்ஃப் மோட்டாரைக் கழட்டி பிரஷ் மாத்தினாங்க. ஒரு மாசம் ஓடுச்சு, திரும்ப 'டக்'. அப்புறம் சோலனாய்டு, அப்புறம் சாவி சுவிட்சு. மொத்தம் 15,000 ரூபாய்க்கு மேல. ஒவ்வொரு தடவையும் "இப்ப சரியாயிடுச்சு"ன்னு சொல்லுவாங்க, அப்பாவும் நம்புவார், போன்ல கேக்குற நானும் நம்புவேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்பதான் அதோட வலி புரிஞ்சுது. சம்பா அறுத்து நெல்லு களத்துல கெடக்கு. வானம் கருத்துக்கிட்டு வருது. டிரெய்லர்ல 40 கிலோ சிப்பமா ஏத்திக்கிட்டு இருக்கோம், கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போயிடலாம்னு. சாவியைத் திருப்பினா 'டக்'. லோடு ஏத்தின டிரெய்லரோட தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. டிரெய்லரைக் கழட்டி, நாலு பேரு தள்ளி, அது உசிரு வந்து கிளம்புறதுக்குள்ள மழை புடிச்சுக்கிச்சு. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும்கறது வழக்கமான கணக்கு. எங்க நெல்லு அதைத் தாண்டிடுச்சு. மூணு நாள் ரோட்டுல கொட்டிக் காயவச்சோம். அப்பா ஒரு வார்த்தை பேசல. அதான் எனக்குத் தாங்கல.

ஆபீஸ்ல நாங்க புடுங்குற ஆணியில இந்த மாதிரி வியாதி தினமும் பாக்குறதுதான். எப்பவாவது ஒரு தடவை மட்டும் வர்ற பக். அதுக்கு நாங்க முதல்ல பண்றது எதையும் மாத்துறது இல்ல, எப்ப வருதுன்னு எழுதி வைக்கிறது. அதையே அப்பாகிட்ட சொன்னேன். "அப்பா, இனிமே ஸ்டார்ட் ஆகலன்னா தினசரி காலண்டர் தாள்ல எழுதிடுங்க. மணி என்ன, அதுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் ஓடுச்சு, எஞ்சின் சூடா இருந்துச்சா, அவ்ளோதான்."

"ஏன்டா தம்பி, டிராக்டருக்கும் ஜாதகம் எழுதணுமா?"ன்னு சிரிச்சாரு. ஆனா எழுதினாரு.

குறுவை உழவு ஆரம்பிச்சப்ப லீவு போட்டுட்டு ஊருக்குப் போனேன். காலண்டர் தாள்ல ஒன்பது தடவை எழுதியிருந்துச்சு. ஒன்பதுல ஒண்ணு கூட காலைல முதல் ஸ்டார்ட்டுல இல்ல. எல்லாமே ஒரு மணி நேரத்துக்கு மேல உழுதுட்டு, டீ குடிக்க நிறுத்திட்டு, திரும்ப எடுக்குறப்ப. பேட்டரி வீக்கா இருந்தா ராத்திரி முழுக்க சும்மா நின்ன வண்டி காலைலதான் முதல்ல மக்கர் பண்ணியிருக்கணும். அந்த ஒரு தாளே பேட்டரி மேல சந்தேகத்தைக் குறைச்சிடுச்சு. புது பேட்டரி வாங்கறதுக்கு முன்னாடி எழுதியிருந்தா அந்தக் காசு மிச்சம்.

ரெண்டாவது விஷயம், வியாதி இருக்கும்போதே அளக்கணும். சேத்துல உழுதுட்டு நிறுத்தினப்ப 'டக்' வந்துச்சு. "யாரும் எதையும் தொடாதீங்க"ன்னு கத்திக்கிட்டே மல்டிமீட்டரோட ஓடினேன். கியர் நியூட்ரல்ல இருக்கான்னு பாத்துட்டு, அப்பாவை சாவியைத் திருப்பச் சொல்லி, பேட்டரியோட ரெண்டு முனையிலயும் மீட்டரை வச்சேன். 12 வோல்ட்டுக்கு மேலயே நிக்குது, அசையவே இல்ல. பேட்டரி செத்திருந்தா செல்ஃப் இழுக்குற இழுப்புல அது 7, 8க்கு எறங்கியிருக்கும். எறங்கலைன்னா கரண்ட் பேட்டரியை விட்டுப் போகவே இல்லன்னு அர்த்தம். வழியில எங்கயோ அடைப்பு.

நம்ம ஊரு பாஷையில சொன்னா, மேட்டூர் 120 அடி நிரம்பி நிக்குது, கடைமடைக்குத் தண்ணி வரல. அதுக்காக மேட்டூரை இடிச்சுட்டுப் புதுசு கட்டுவோமா? வாய்க்கால்லதான் நடந்து பாக்கணும். நாங்க ஒரு வருஷமா அணையையும் வயலையும் மாத்திக்கிட்டு இருந்தோம், வாய்க்கால் பக்கம் போகவே இல்ல.

அடுத்து மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை எஞ்சின் பாடியிலயும் வச்சு சாவியைத் திருப்பினோம். அங்க அரை வோல்ட்டுக்குள்ள காட்டணும். 9 காட்டுச்சு! எர்த் கேபிள். பேட்டரியிலேர்ந்து பாடிக்குப் போற அந்தத் தடி ஒயரோட லக்குக்குள்ள செம்பு பச்சை பூத்து, பாதி இழை அறுந்து போயிருந்துச்சு. வெளிய ரப்பர் நல்லா இருந்ததால யாரும் பாக்கல. பாடி சூடாகி, உழவுல குலுங்கினா தொடர்பு விட்டுடும். ஆறினா ஒட்டிக்கும். புது கேபிள் 350 ரூபாய். போல்ட் மாட்டுற இடத்துல பெயிண்டையும் துருவையும் சுரண்டிட்டு முறுக்கினோம். குறுவை முழுக்க ஒரு 'டக்' கூட இல்ல.

சரி, அப்ப பேட்டரி மாத்தினப்பவும் செல்ஃப் மாத்தினப்பவும் ஏன் சரியாச்சு? இதை யோசிச்சப்பதான் எனக்கு வெளிச்சம் வந்துச்சு. எந்தப் பாகத்தை மாத்தினாலும் முதல்ல பேட்டரி கேபிளைக் கழட்டணும், வேலை முடிஞ்சதும் திரும்ப மாட்டணும். அந்த ஆட்டத்துல இழைங்க தற்காலிகமா ஒட்டிக்கிச்சு. பாகம் சரி பண்ணல, கை பட்டது சரி பண்ணிச்சு. அதனால என் கருத்து இதுதான்: விட்டு விட்டு வர்ற வியாதியில "ஸ்டார்ட் ஆயிடுச்சு"ங்கறது அத்தாட்சியே இல்ல. ஏன் நின்னுச்சு, ஏன் இப்ப ஓடுதுன்னு ரெண்டுக்கும் சேத்து காரணம் சொல்ல முடிஞ்சாதான் சரியாச்சுன்னு ஒத்துக்கணும்.

இது எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும். ஹேண்டில் போட்டுச் சுத்துற ஆயில் எஞ்சின்ல பேட்டரியே கிடையாது. ஆனா அதுவும் சில காலைல அடம் புடிக்கும். நிறுத்தின அரை மணியில எடுத்தா ஓடுது, ராத்திரி நின்னாதான் மக்கர்னா, டீசல் லைன்ல எங்கயாவது காத்து உள்ள போகுதான்னு முதல்ல பாக்கலாம். சூடானா நின்னு, ஆறினா ஓடுற மொபெட்டுன்னா, நின்ன அந்த நிமிஷமே பிளக்குல பொறி வருதான்னு பாக்கணும். வீட்டுக்குத் தள்ளிட்டு வந்து, ஆறினப்புறம் பாத்தா வரத்தான் செய்யும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலுக்குப் போறவங்க நிலைமையை நெனைச்சுப் பாருங்க. உப்புக் காத்துல செம்பு ஒயர் சீக்கிரம் அரிக்கும், நடுக்கடல்ல தள்ளி ஸ்டார்ட் பண்ண நாலு பேரும் கிடைக்க மாட்டாங்க. நமக்கு நெல்லு நனையும், அங்க உசிரு.

எழுதி வைக்காததோட விலை பெரிய கம்பெனிகளுக்கும் தெரியும். அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் 2014ல சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைச்சுது. ஓடும்போதே சாவி சுவிட்சு தானா நழுவி எஞ்சின் நின்னுடும், ஏர்பேகும் விரியாம போகலாம். 124 சாவுக்கு இழப்பீடு கொடுத்தாங்க. கொடுமை என்னன்னா, 2006லயே அந்த சுவிட்சைத் திருத்தியிருக்காங்க, ஆனா பாகத்தோட நம்பரை மாத்தல. பின்னாடி ஆராய்ஞ்சவங்களுக்குப் பழைய காருக்கும் புதுசுக்கும் ஏன் வித்தியாசம்னே புரியாம வருஷக்கணக்கா ஓடிப்போச்சு.

மெக்கானிக்கைத் திட்டுறதுக்காக இதை எழுதல. கேபிள் கதையை அவர்கிட்ட சொன்னப்ப ஒண்ணு சொன்னாரு: "தம்பி, நான் ரெண்டு நாள் உங்க வயல்லயே நின்னு பாத்து, ஒரு கேபிளை மாத்திட்டு 2,000 கேட்டா உங்கப்பா கொடுப்பாரா? செல்ஃபை மாத்தினா கேள்வி கேக்காம கொடுக்குறாரு."

பதில் சொல்ல முடியல. பாகத்துக்குக் காசு கொடுக்குறோம், யோசிச்சதுக்குக் கொடுக்குறதில்ல. அப்புறம் அவர் ஏன் யோசிக்கணும்? எங்க ஆபீஸ்ல ஒரு பக்கைக் கண்டுபுடிக்க மூணு நாள் ஆகி, ஒரே ஒரு வரியை மாத்தினாலும் எனக்கு முழுச் சம்பளம்தான் வருது. வயல்ல நிக்குறவருக்கு மட்டும் ஏன் வேற கணக்கு?

இப்ப அப்பாகிட்ட ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கேன். வண்டி மக்கர் பண்ணினா முதல்ல காலண்டர் தாளு, அப்புறம் மெக்கானிக். அவர் வந்து எதையும் மாத்தாம வெறுமனே பாத்துட்டுப் போனாலும் கூலி உண்டு. முதல் தடவை அந்தக் கூலியைக் கொடுக்குறப்ப அப்பா முகத்தைப் பாக்கணுமே :-) ஆனா கொடுத்துட்டாரு.