‘மாறி’ மாறாத மொழி: வேலைவாய்ப்பு குறைந்த ஃபங்ஷனல் புரோகிராமிங்கை ஏன் கற்க வேண்டும்?

“இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?”

புதிதாக ஒரு கம்ப்யூட்டர் மொழியின் பெயரைச் சொன்னால் ஐடி துறை இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. பைத்தான், ஜாவா என்றால் “கிடைக்கும்” என்று தயங்காமல் சொல்லிவிடலாம். எர்லாங், எலிக்ஸிர், ஹாஸ்கெல், ஓகேம்ல் போன்ற ஃபங்ஷனல் மொழிகள் என்றால்? நம்ம ஊர் வேலைவாய்ப்பு விளம்பரங்களில் இந்தப் பெயர்களைப் பார்ப்பதே அபூர்வம். அதை மறைத்துவிட்டு “எதிர்காலமே இதுதான்” என்று கோர்ஸ் விற்பவர்களை நம்ப வேண்டாம்.

ஆனாலும் இவற்றில் ஒன்றையாவது இரண்டு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணம் உங்கள் போனிலேயே இருக்கிறது.

காலையில் எழுந்ததும் திறக்கும் வாட்ஸ்அப்பின் சர்வர்கள் எர்லாங் மொழியில் எழுதப்பட்டவை. 2014 பிப்ரவரியில் 19 பில்லியன் டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தபோது, அதை மாதந்தோறும் பயன்படுத்தியவர்கள் சுமார் 45 கோடிப் பேர். நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் 55 பேர்தான். அதற்கு முன்பே, 2012 தொடக்கத்தில், ஒரே ஒரு சர்வரில் 20 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளைத் தாங்கிக் காட்டியதாக அவர்கள் எழுதினார்கள். எல்லாப் புகழும் மொழிக்கே என்று சொல்ல மாட்டேன். விளம்பரம் வேண்டாம், தேவையில்லாத வசதிகள் வேண்டாம் என்ற பிடிவாதமும், ஆபரேட்டிங் சிஸ்டம் வரை இறங்கிச் செய்த சீரமைப்பும் அதில் உண்டு. ஆனால் அந்தச் சிறிய குழுவுக்கு மொழி கைகொடுத்தது என்பதில் சந்தேகமில்லை.

பத்தாம் வகுப்பு கணக்குதான்

ஃபங்ஷனல் புரோகிராமிங் என்றதும் பயப்பட வேண்டாம். பத்தாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தின் முதல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? ‘உறவுகளும் சார்புகளும்’. ஒரு சார்புக்குள் 3-ஐப் போட்டால் 9 வருகிறது என்றால், எத்தனை முறை போட்டாலும், யார் போட்டாலும் 9-தான். புரோகிராமை அப்படிப்பட்ட சார்புகளால் கட்டுவதுதான் இந்த முறை.

அதே கணக்கு வகுப்பில் எக்ஸ் என்பதற்கு ‘மாறி’ என்று பெயர். பெயர்தான் மாறி. எக்ஸ் = 5 என்று கண்டுபிடித்துவிட்டால், கணக்கு முடியும்வரை அது 5-தான். “எக்ஸ் = எக்ஸ் + 1” என்று போர்டில் எழுதியிருந்தால் கணக்கு ஆசிரியர் என்ன சொல்லியிருப்பார்? கல்லூரிக்கு வந்து புரோகிராமிங் கற்றபோதுதான் அந்த விநோத வரியை நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டோம்.

எர்லாங் இதில் கணக்கு ஆசிரியர் கட்சி. எக்ஸ் = 5 என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் எக்ஸ் = 6 என்று எழுதிப் பாருங்கள். வலது பக்கத்தில் உள்ள 6 பொருந்தவில்லை என்று பிழை காட்டும். மாறி மாறாது! ஃபார் லூப்பும் கிடையாது. ஒரு பட்டியலில் உள்ள எண்களைக் கூட்ட வேண்டுமென்றால், “முதல் எண்ணோடு, மீதிப் பட்டியலின் கூட்டுத்தொகையைக் கூட்டு; பட்டியல் காலியானால் 0” என்று எழுத வேண்டும். முதல் இரண்டு வாரம் கை கட்டிப்போட்ட மாதிரிதான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எதற்கு இந்தக் கெடுபிடி? ஒரு மளிகைக் கடை ஆப்பை எடுத்துக்கொள்வோம். 1,000 ரூபாய் பொருளுக்கு 10% தள்ளுபடி. தள்ளுபடி போடும் ஃபங்ஷன், கூடையில் இருக்கும் விலையையே 900 என்று மாற்றிவிடுகிறது. திரையில் பில் சரியாக வருகிறது. வாடிக்கையாளர் 900 ரூபாய் கட்டுகிறார். அடுத்து, வாட்ஸ்அப்பில் ரசீது அனுப்பும் பகுதி அதே ஃபங்ஷனை மறுபடி அழைக்கிறது. ஏற்கெனவே 900 ஆகிவிட்ட விலையில் மீண்டும் 10% போகிறது. ரசீதில் 810. “90 ரூபாயைத் திருப்பிக் கொடுங்க” என்று வாடிக்கையாளர் போன் செய்யும்போதுதான் தவறே தெரியும். ஃபங்ஷனைத் தனியாக டெஸ்ட் செய்தால் அது சரியாகத்தான் வேலை செய்யும். அதனால்தான் இந்த வகைத் தவறைப் பிடிக்க ராத்திரி இரண்டு மணி ஆகிறது.

எர்லாங்கில் இந்தத் தவறைச் செய்ய முயன்றாலும் முடியாது. தள்ளுபடி ஃபங்ஷன் பழைய பட்டியலைத் தொடவே முடியாது. புதிய பட்டியல் ஒன்றைத்தான் தரும். வங்கி பாஸ்புக் மாதிரி: பணம் எடுத்தால் பழைய இருப்புத் தொகையை யாரும் அழித்து எழுதுவதில்லை. அடுத்த வரியில் புதிய இருப்பு வரும், பழைய வரி அப்படியே இருக்கும்.

“ஒவ்வொரு தடவையும் புதுப் பட்டியல்னா மெமரி வீணாகாதா?” என்று கேட்கலாம். மாறாத பகுதிகளைப் பழையதும் புதியதும் பகிர்ந்துகொள்வதால் நினைக்கும் அளவுக்கு வீணாகாது. ஆனால் படங்களைப் பதப்படுத்துவது, பெரிய அணிக்கணக்குகள் போடுவது போன்ற வேலைகளுக்கு எர்லாங் சரிப்பட்டு வராது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

விழுந்தால் விழட்டும்

எர்லாங் பிறந்த கதை சுவையானது. ஸ்வீடனின் எரிக்சன் நிறுவன ஆய்வகத்தில் 1986-ல் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் தொடங்கிய வேலை அது. ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் இருவரும் உடன் சேர்ந்தார்கள். அவர்கள் கையில் இருந்த பிரச்சினை டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான அழைப்புகள். ஒரு அழைப்பில் கோளாறு வந்தால் அது மட்டும் துண்டிக்கப்படலாம். பக்கத்து அழைப்புக்கு எதுவும் ஆகக்கூடாது.

எனவே ஒவ்வொரு அழைப்புக்கும் தனித்தனியாக ஒரு சின்ன ‘பிராசஸ்’ கொடுத்தார்கள். தொடங்கும்போது ஒவ்வொன்றும் சில கிலோபைட் மட்டுமே எடுக்கும். ஒன்றின் மெமரியை மற்றொன்று தொட முடியாது. பேச வேண்டுமென்றால் மெசேஜ் அனுப்ப வேண்டும். ஒரு பிராசஸ் தவறு செய்தால் அதைத் தாங்கிப் பிடித்து ஒட்டுப் போடாமல், விழவிட்டுவிடுவார்கள். அதைக் கண்காணிக்கும் சூப்பர்வைசர் பிராசஸ், சுத்தமாகப் புதிய ஒன்றைத் தொடங்கும். வாட்ஸ்அப்பில் உங்கள் போனின் இணைப்புக்கும் இதேபோல் சர்வரில் ஒரு பிராசஸ் உண்டு.

நாம் ஆபீஸில் என்ன செய்கிறோம்? வரிக்கு வரி டிரை-கேட்ச் போட்டு, பிழையை விழுங்கிவிட்டு, “எதுவும் ஆகாத மாதிரி” புரோகிராமை ஓட்டுகிறோம். பாதி கெட்ட நிலையில் ஓடும் புரோகிராம், நின்றுபோன புரோகிராமைவிட ஆபத்தானது என்பதை எனக்கு உறைக்க வைத்தது எர்லாங்தான். அந்தப் பாடம் இப்போது நான் ஜாவா எழுதும்போதும் கூடவே வருகிறது.

பெற்ற வீடே தடை போட்டது

இவ்வளவு நல்ல மொழியை எரிக்சன் கொண்டாடியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? 1998-ல் 10 லட்சம் வரிகளுக்கும் அதிகமான எர்லாங் கோடுடன் ஏஎக்ஸ்டி301 என்ற ஸ்விட்ச் வெளிவந்தது. அதே ஆண்டு, எரிக்சனின் ரேடியோ பிரிவு புதிய தயாரிப்புகளில் எர்லாங் பயன்படுத்தத் தடை விதித்தது. சொந்த மொழி என்றால் அதைப் பராமரிக்கும் சுமை காலமெல்லாம் தங்கள் தலையில்தான். உலகம் முழுக்கப் புழங்கும் மொழி என்றால் அதன் வளர்ச்சியின் பலன் தானாக வரும். இதுதான் அவர்களின் வாதம். டிசம்பரில் எர்லாங் ஓப்பன் சோர்ஸாக வெளியிடப்பட்டது. ஆர்ம்ஸ்ட்ராங்கும் சகாக்களும் வெளியேறித் தனி நிறுவனம் தொடங்கினார்கள். தடை தளர்ந்த பிறகு, 2004-ல் அவர் எரிக்சனுக்கே திரும்பினார்.

எர்லாங் ரசிகர்கள் இந்தக் கதையைச் சொல்லி எரிக்சன் மேனேஜர்களைக் கிண்டல் செய்வது வழக்கம். நான் அந்தப் பக்கம் இல்லை. அந்த மேனேஜர்களின் கவலையை நானே ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன்.

எர்லாங் கற்ற ஜோரில், ஆபீஸ் புராஜெக்டில் ஒரு ரிப்போர்ட் பகுதியை முழுக்க ஃபங்ஷனல் பாணியில் மாற்றி எழுதினேன். ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன், தன்னையே அழைக்கும் ஃபங்ஷன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் ஊருக்கு லீவில் போனேன். இரவு 11 மணிக்கு டீமில் இருக்கும் தம்பியிடமிருந்து போன்: “ப்ரோ, இந்த கோடுல லூப்பே காணோம். எங்க தப்புன்னு எப்படிப் பாக்குறது?” தவறு என்னவோ ஒரு வரிதான். அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு மூன்று மணி நேரம் ஆனது. லீவு முடிந்து வந்ததும் அந்தப் பகுதியைச் சாதாரண லூப்பில் நானே திருப்பி எழுதிக் கொடுத்தேன். அவன் புத்திசாலி. அவனுக்குப் பழக்கமில்லாத மொழிநடையை அவனைக் கேட்காமல் நான் திணித்ததுதான் பிரச்சினை.

ஃபேஸ்புக்கும் 2008-ல் தன் சாட் வசதியை எர்லாங்கில்தான் தொடங்கியது. பிறகு சி++-க்கு மாறிவிட்டது. மொழி எவ்வளவு நல்லது என்பதோடு, அதை டீமில் எத்தனை பேர் நிம்மதியாகப் படிக்க முடியும் என்பதும் சேர்ந்துதான் கணக்கு.

ஆகவே, கற்பது வேறு, ஆபீஸ் கோடில் இறக்குவது வேறு. இரண்டாவதற்கு டீமின் சம்மதம் வேண்டும். முதலாவதற்கு யார் சம்மதமும் வேண்டாம், பலனும் உடனே தெரியும். ஏனென்றால் இந்தக் கருத்துகள் நாம் பிழைக்கும் மொழிகளுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டன. 2014-ல் வந்த ஜாவா 8-ல் லாம்டாவும் ஸ்ட்ரீமும் சேர்ந்தன. ரியாக்ட் எழுதுபவர்களை “ஸ்டேட்டை நேரடியாக மாற்றாதே” என்று எச்சரிப்பதும் இதே கொள்கைதான். எக்செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செல்லில் எழுதிய ஃபார்முலா வேறொரு செல்லின் மதிப்பை மாற்ற முடியாது. தன் விடையை மட்டும்தான் தரும். ஆக, அக்கவுண்ட்ஸ் பிரிவு அக்கா தினமும் செய்வது ஃபங்ஷனல் புரோகிராமிங்தான்! ஹாஸ்கெல் மொழியை வடிவமைத்தவர்களில் ஒருவரான சைமன் பெய்டன் ஜோன்ஸ், மைக்ரோசாப்ட் ஆய்வுப் பிரிவில் இருந்தபோது எக்செல் பற்றியும் ஆய்வு செய்தார். 2020 டிசம்பரில் எக்செல்லுக்கே ‘லாம்டா’ வந்தது.

எதில் தொடங்கலாம்? வெப் வேலையில் இருப்பவர்களுக்கு எலிக்ஸிர் எளிது; எர்லாங் ஓடும் அதே மெஷினில்தான் அதுவும் ஓடுகிறது. டேட்டா இன்ஜினியரிங் என்றால் ஸ்கேலா. அப்பாச்சி ஸ்பார்க் எழுதப்பட்டது அதில்தான். டாட்நெட் ஆட்களுக்கு எஃப் ஷார்ப். கெடுபிடியைப் முழுசாக அனுபவிக்க விரும்பினால் ஹாஸ்கெல் அல்லது எர்லாங். எல்லாமே இலவசம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், எட்டு வாரம் போதும். முதல் புரோகிராமாக அந்த மளிகைக் கடை பில்லையே எழுதுங்கள். எட்டாவது வாரம் முடிந்ததும், திங்கட்கிழமை உங்கள் ஆபீஸ் கோடைத் திறந்து, தனக்குக் கொடுத்த பட்டியலையே சத்தமில்லாமல் மாற்றிவிடும் ஃபங்ஷன்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணத் தொடங்கிய அன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.